நடுப்பகலில் இன்னொரு மூச்சு

என் ஓரகத்தி திப்ரா பகலில் படுத்து, அந்தக் கோடைவரை நான் பார்த்ததே இல்லை. பிரசவ நாட்களைக் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற நேரமெல்லாம் அவள் நின்றுகொண்டிருப்பாள், இல்லையென்றால் நடந்துகொண்டிருப்பாள். ஆஸ்பத்திரி சமையலறையில் தலைமைச் சமையல்காரி. வீட்டில் கணவன், ஐந்து பிள்ளைகள். வெளியே பேரீச்சந்தோட்டம். எங்கள் பாலைவன ஊரான கதாமிஸில் யார் வீட்டில் கல்யாணம் நடந்தாலும் ரவையை ஆவியில் வேகவைக்கும் குஸ்குஸ் பானைகளுக்குப் பொறுப்பு அவள்தான். கல்யாண வாரத்தில் நாங்களெல்லாம் முறை வைத்துக்கொண்டு மூலையில் சுருண்டு கொஞ்ச நேரம் கண்ணயர்வோம். அவள் மட்டும் கதவு நிலையில் தோளைச் சாய்த்து, பானையில் ஆவி கிளம்பும்வரை கண்ணை மூடியிருப்பாள். ஆவி வந்ததும் விழித்துவிடுவாள். அவ்வளவுதான் அவளுக்கு ஓய்வு.

அவள் கணவர் நூரி அத்தான் இதைச் சொல்லிச் சிரிப்பார். "என் பொண்டாட்டி படுத்து நான் பார்த்ததில்ல. எங்க வீட்டுப் பிள்ளைங்க எல்லாம் சந்தையில வாங்கினது."

"பார்த்து வாங்கியிருக்கலாமில்ல? எல்லாத்துக்கும் உங்க மூக்கு" என்பாள் திப்ரா, கரண்டியை நிறுத்தாமல்.

அவள் ஐம்பதை நெருங்கிய வருஷம் அது. மூத்த மகளைத் திரிபோலியில் கட்டிக்கொடுத்து அனுப்பியிருந்தாள். கோடை தொடங்கி சில நாட்கள்தான் ஆகியிருந்தன. ஆஸ்பத்திரிச் சமையலறையில் நோயாளிகளுக்கான சூப்பைக் கிளறிக்கொண்டிருந்தவள், கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அரிசி மூட்டைமேல் உட்கார்ந்துவிட்டாளாம். மயக்கம் இல்லை, வலியும் இல்லை. கூட வேலை செய்த பெண்கள் பயந்துபோய் டாக்டரைக் கூப்பிட்டார்கள்.

அன்று மாலை என்னிடம் சொன்னாள்: "யாரோ உள்ளேயிருந்து மடையை அடைச்சுட்டாங்க, மனூபா. தண்ணி ஓடிட்டே இருந்துச்சு. சட்டுன்னு வேற தோட்டத்துக்குத் திருப்பி விட்டமாதிரி நின்னுபோச்சு."

மறுநாளும் அதே நேரம் நின்றது. அதற்கு மறுநாளும். காலையில் பழையபடி எழுந்து மாவு பிசைவாள். வெயில் உச்சிக்கு ஏற ஏற அவள் முகத்திலிருந்து ஏதோ ஒன்று வடிந்துகொண்டே போகும். சில நாள் சாயங்காலம் திரும்பி வரும். சில நாள் வராது. எப்போது வரும், எப்போது போகும் என்று அவளுக்கே தெரியவில்லை.

டாக்டர் இக்லாஸ் சூடான்காரி. பொறுமையான பெண். ரத்தம் எடுத்துப் பார்த்தாள், நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு, அம்மா. வயசு மாறுது. உடம்பு தன் கணக்கை மாத்திக்குது. ஓய்வு எடுங்க."

"எப்படி எடுக்கிறது?"

டாக்டர் சிரித்துவிட்டாள். "படுங்க."

"படுத்துப் பார்த்துட்டேன் மகளே. படுத்தா இன்னும் களைப்பா இருக்கு. காது மட்டும் நூறு காதா ஆயிடுது."

அது உண்மை. படுக்கத் தெரியாத உடம்பு அவளுடையது. புது வீட்டில் ஏ.சி. ஓடும் அறையில் படுப்பாள். கண் விட்டத்தில் இருக்கும். கால் விரல்கள் ஆடிக்கொண்டே இருக்கும். மின்சாரம் போகும். எழுந்துவிடுவாள். எழுந்த பின் நிற்கவும் முடியாது.

மின்சாரம் போகும் கோடைகளில் எங்கள் ஊர்க்காரர்கள் எல்லாரும் செய்வதையே நாங்களும் செய்தோம். நடுப்பகலில் பாயைச் சுருட்டிக்கொண்டு பழைய ஊருக்குப் போனோம். அரசாங்கம் கட்டிக்கொடுத்த சிமெண்ட் வீடுகளுக்கு நாங்கள் குடிமாறி வருஷங்களாகிவிட்டன. ஆனால் பழைய மண் வீடுகளை யாரும் விற்கவும் இல்லை, இடிக்கவும் இல்லை. தெருக்கள் எல்லாம் கூரை போட்டவை. உச்சி வெயிலிலும் உள்ளே இருட்டு. எங்கோ ஒரு துளை வழியாக ஒளி தூண்போல இறங்கி நிற்கும். அதைத் தாண்டினால் அடுத்த தூண்வரை சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கவேண்டும்.

எங்கள் மாமனார் வீட்டின் நடுக்கூடம் மாடியில் இருந்தது. கூரையில் ஒரே ஒரு துளை. சுவர் முழுக்கச் சிவப்புக் கோலங்கள், பித்தளைத் தட்டுகள், சிறு சிறு கண்ணாடிகள். ஒரு கண்ணாடி பிடித்த ஒளியை இன்னொரு கண்ணாடிக்குத் தரும்படி மாட்டியிருப்பார்கள். ஒரு மூலையில், ஆட்கள் உட்காரும் அளவுக்குப் பெரிய, திரை போட்ட மாடம். எங்கள் வீடுகள் எல்லாவற்றிலும் அது உண்டு. ஒரு பெண் அதற்குள் வாழ்நாளில் இரண்டு முறைதான் போவாள். கல்யாண இரவில் ஒரு முறை. கணவன் இறந்த பின், துக்கம் விசாரிக்க வருகிறவர்களைப் பார்க்க ஒரு முறை. நடுவில் யாரும் அதைத் தொடமாட்டோம். பிள்ளைகள் ஒளிந்து விளையாடும்போதுகூட அங்கே போகமாட்டார்கள்.

கூடத்தில் பாய் விரித்து எல்லாரும் படுப்போம். நூரி அத்தான், என் கணவர் சாஸி, நான், நாத்தனார் கஸாலா மதினி, பிள்ளைகள். படுத்த உடனே எல்லாரும் அடித்துப்போட்டமாதிரித் தூங்கிவிடுவோம். திப்ரா மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருப்பாள்.

ஒரு நாள் என் தோளைத் தொட்டு எழுப்பினாள். உதட்டில் விரலை வைத்திருந்தாள்.

"கேளு."

"என்னத்த?"

"மூச்சு. எல்லாரும் விடுற மூச்சு தெரியும் எனக்கு. நூரி குறட்டை. சாஸி மூக்கில விசில். மதினி புஸ் புஸ்ஸுன்னு. பிள்ளைங்க மூச்சு குருவி மாதிரி. அதுக்கெல்லாம் அடியில இன்னொண்ணு இருக்கு."

"தூங்கு அக்கா" என்றேன். தூக்கக் கலக்கத்தில் எரிச்சல்.

"தூக்கம் இருந்தா தூங்கமாட்டேனா? கேளு."

மறுநாள் நான் வேண்டுமென்றே தூங்காமல் படுத்திருந்தேன். ஒவ்வொருவராக மூச்சு சீராவதைக் கேட்டேன். பிறகு அதையும் கேட்டேன். மிக மெதுவான மூச்சு. ஒன்று உள்ளே போய், நான் மறந்தே போகுமளவு நேரம் கழித்துத்தான் வெளியே வந்தது. மனுஷர் அப்படி மூச்சு விட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் உலுக்கி எழுப்பிவிடுவார்கள். சத்தம் மாடத்திலிருந்து வந்தது. அந்தக் கூடத்தில் காற்று கிடையாது. ஆனாலும் திரை கொஞ்சம் உள்வாங்கியது. அப்புறம் கொஞ்சம் வெளியே வந்தது.

நான் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன். போர்வை இடுக்கு வழியாகப் பார்த்தேன். திப்ரா நகர்ந்து நகர்ந்து மாடத்தின் பக்கத்துச் சுவரில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். அவள் தோள் திரையோடு சேர்ந்து ஏறியது, இறங்கியது. கண் திறந்தபடியே இருந்தது. கால் விரல்கள் ஆடவில்லை. அவள் கால் விரல்கள் ஆடாமல் அன்றுதான் பார்த்தேன்.

பிற்பகல் அசர் தொழுகைக்கு எல்லாரும் எழுந்தபோது அவள் முகத்தில் நிறம் வந்திருந்தது.

"தூங்கினியா அக்கா?"

"இல்ல. ஆனா ஓஞ்சேன்."

"பயமா இல்லையா?"

"பயமாத்தான் இருக்கு. ஆனா அது என்னை எதுவும் கேக்கல, மனூபா. இந்த ஊர்ல என்கிட்ட எதுவும் கேக்காத ஆள் அது ஒண்ணுதான்."

சில நாள் அப்படியே போயிற்று. பிறகு ஒரு பகலில் மாடத்தில் சத்தம் இல்லை. திப்ரா அங்கே உட்கார்ந்து பார்த்தாள், சரிப்படவில்லை. அன்று அவளுக்கு உடம்பில் பலம் இருந்தது, தலைதான் களைத்திருந்தது. எழுந்து கீழே தெருவுக்குப் போனாள். முன்பெல்லாம் அந்தத் தெருக்கள் ஆண்களுடையவை. நாங்கள் மொட்டைமாடி வழியாகத்தான் வீட்டுக்கு வீடு போவோம். இப்போது தெருவில் யாருமில்லை, கேட்பாருமில்லை. சுவரைத் தடவியபடி இருட்டில் மெதுவாக நடந்துகொண்டே இருந்தாளாம், ஒரு ஒளித் தூணிலிருந்து இன்னொன்றுக்கு. கொஞ்ச தூரம் முன்னால் அந்த மூச்சும் நடந்ததாம்.

"அது ஒரே மாதிரி தூங்கல" என்றாள் என்னிடம். "ஒரு நாள் உட்கார்ந்து தூங்குது. ஒரு நாள் நடந்துகிட்டே தூங்குது. இன்னிக்கு எனக்கு நடக்கத்தான் வேண்டியிருந்துச்சு. அதுக்கு எப்படித் தெரிஞ்சுது?"

அவள் ஆஸ்பத்திரியில் சமைக்கிறவள். உப்பு ஒரு சிட்டிகை கூடினால்கூடக் கண்டுபிடிக்கிறவள். அவள் பைத்தியம் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை. நானே கேட்டிருந்தேன் வேறு.

கோடை முற்றியது. ஒரு பகலில் வாய்க்கால் பக்கம் போய், தண்ணீரில் காலைக் கணுக்கால்வரை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே பரபரவென்று இருக்கும் நாட்களில் சுத்தம் செய்த பருப்பையே மறுபடி தட்டில் கொட்டி, இல்லாத கல்லைப் பொறுக்குவாள். கை தானாக ஓடும், முகம் தூங்கும். கொஞ்சமும் முடியாத நாட்களில் பழைய வீட்டின் கீழ்த்தளத்து மணலில் அப்படியே விழுந்து கிடப்பாள். எங்கே போனாலும், "அது இங்க இருக்கு" என்பாள். "இன்னிக்கு இங்க இல்ல" என்று பாதியில் எழுந்து போனதும் உண்டு. அப்படிப் போகும்போது நான் அவள் முதுகைப் பார்த்துக்கொண்டிருப்பேன். இருட்டு அவளை முதலில் கால்பக்கமிருந்துதான் விழுங்கும். வெள்ளைத் துணி போர்த்திய தலை மட்டும் கொஞ்ச நேரம் மிதந்துகொண்டு போகும்.

ஒரு சாயங்காலம் தேநீர் குடிக்கும்போது நூரி அத்தான் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "பழைய ஊர்ல ஒரு பொம்பள நடமாடுதாம். தோட்டத்துக்குப் போற பையன்கள் பார்த்திருக்கானுங்க. வெள்ளைத்துணி. பள்ளிவாசல் முக்குக் கல் மேடையில இருட்டுல உட்கார்ந்திருக்காம். சலாம் சொன்னா பதில் இல்லையாம்."

திப்ரா தேநீரைச் சிந்தும்படி சிரித்தாள். "அது நான்தான். பதில் சொல்ல வாயில தெம்பு இல்ல."

அத்தான் அவளையே பார்த்தார். அவர் சிரிக்கவில்லை. "களஞ்சியச் சந்துலயும் நீதானா?"

"எங்கே?"

"களஞ்சியச் சந்து. அங்க குறுக்கும் நெடுக்கும் நடக்குதாம். காலடிச் சத்தமே இல்லையாம்."

"அங்கதான் கூரை இடிஞ்சு வழி அடைச்சுக் கிடக்கே. நான் அந்தப் பக்கம் போய் வருஷமாச்சு."

கையிலிருந்த கிளாஸைத் தட்டில் வைத்தாள். கஸாலா மதினி வாய்க்குள் ஏதோ ஓதினாள்.

மறுநாளே மதினி குர்ஆன் ஓதிப் பார்க்கும் இம்ஹம்மத் ஷேக்கைக் கூட்டிவந்துவிட்டாள். மதினி நல்லவள்தான். ஆனால் தன் தம்பி வீட்டில் தனக்குத் தெரியாமல் ஒரு ஈ நுழைந்தாலும் பொறுக்கமாட்டாள்.

"ஜின் புகுந்த வீட்ல என் தம்பி எப்படிப் படுப்பான்? இவளுக்குச் சோம்பேறித்தனம் வந்துடுச்சு, அதுக்கு ஒரு துணையும் தேடிக்கிட்டா."

"மதினி, நான் சோம்பேறின்னு ஊர்ல சொல்லிப் பாருங்க, உங்களைத்தான் ஓதிப் பார்க்கக் கூட்டிட்டுப் போவாங்க" என்றாள் திப்ரா. ஆனால் குரலில் வழக்கமான காரம் இல்லை. அன்று அவளுக்கு மடை அடைத்த நாள்.

ஷேக் பெரிய மனிதர், கனத்த குரல். கூடத்தின் நடுவில் உட்கார்ந்து மாடத்தைப் பார்த்தபடி ஓதத் தொடங்கினார். பித்தளைத் தட்டுகள் அதிர்ந்தன. நாங்கள் சுவரோரம் நின்றிருந்தோம். போகப் போகக் குரல் இறங்கியது. வார்த்தைகளுக்கு நடுவில் இடைவெளி நீண்டது. ஒரு வசனத்தின் நடுவில் நிறுத்தினார். அவர் தலை மெல்ல மார்பில் சாய்ந்தது. பதறிப்போய் சாஸி கிட்டே போனார். ஷேக் தூங்கிக்கொண்டிருந்தார். குழந்தையைப்போல வாய் கொஞ்சம் திறந்திருந்தது. கூரைத்துளையின் ஒளி அவர் மடியிலிருந்து நகர்ந்து சுவரேறும்வரை எழவே இல்லை. நாங்களும் எழுப்பவில்லை. எழுப்பக்கூடாது என்று எல்லாருக்கும் எப்படியோ தோன்றியது.

விழித்ததும் அவருக்கு வெட்கம் தாங்கவில்லை. செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

மதினி விடவில்லை. "ஷேக், அங்க இருக்கா இல்லையா?"

"இருக்கு."

"கெட்டதா?"

"கெட்டது நல்லது எனக்குத் தெரியலம்மா. அங்க யாரோ அசந்து கிடக்காங்க. அவ்வளவுதான் தெரியுது." படியில் இறங்கிக்கொண்டே சொன்னார், "நான் மறுபடி வரமாட்டேன். எனக்கு மனைவி இறந்ததிலிருந்து இப்படி ஒரு தூக்கம் வந்ததில்லை. இது பழகிப்போனா நான் வீட்டுக்குப் போகமாட்டேன்."

அதற்குப் பிறகு மதினியும் பிள்ளைகளும் பழைய வீட்டுக்கு வருவதை நிறுத்திவிட்டார்கள். நாங்கள் நாலு பேர் மட்டும் போனோம். பிறகு வெயில் தணிந்தது, அதற்கும் தேவையில்லாமல் போயிற்று.

குளிர் தொடங்கியதும் திப்ராவுக்குப் பலம் திரும்பியது. ஒரேயடியாகத் திரும்பியது. பேரீச்சை அறுவடையில் ஆண்களுக்குச் சமமாகக் கூடை தூக்கினாள். "மடை திறந்துடுச்சு" என்று சொல்லிச் சிரித்தாள். கோடையில் நடந்ததைப் பற்றிப் பேச்செடுத்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்வாள். அந்த நேரத்தில்தான் கஸாலா மதினியின் மகனுக்குக் கல்யாணம் வந்தது. மதினி தயங்கித் தயங்கிக் கேட்டாள். திப்ரா உடனே ஒத்துக்கொண்டாள். ஊருக்கு எதையோ நிரூபிக்க நினைத்தவள்போல, முந்தின நாளிலிருந்து அடுப்பை விட்டு நகரவில்லை. நான் கையைப் பிடித்து இழுத்தேன்.

"கொஞ்சம் உட்காரு அக்கா."

"உட்கார்ந்தா எழுந்திரிக்கமாட்டேன். விடு."

கல்யாணத்தன்று, மதியச் சாப்பாட்டுக்கு விருந்தாளிகள் வரிசையாக உட்கார்ந்த நேரம், அவளைக் காணவில்லை. பானை அடிப்பிடிக்கும் வாசனையை வைத்துத்தான் கவனித்தோம். குஸ்குஸ் கருகிக்கொண்டிருந்தது, கரண்டி தரையில் கிடந்தது.

எங்கே போயிருப்பாள் என்று எனக்குத் தெரிந்தது. நூரி அத்தானிடம் சொல்லும்படி பக்கத்தில் நின்றவளிடம் சொல்லிவிட்டு ஓடினேன்.

குளிர்காலத்தில் பழைய ஊருக்கு யாரும் போவதில்லை. தெருக்கள் கிணற்றின் அடியில் இருப்பதுபோல இருந்தன. கல்யாண வீட்டு மேளம் வெகுதூரத்தில் கேட்டுக்கொண்டிருந்தது, இரண்டு திருப்பம் தாண்டியதும் அறுந்துபோயிற்று. சுவரைத் தடவிக்கொண்டு போனேன். சுவர் எனக்கு முன்னால் யாரோ தடவிவிட்டுப் போனதுபோல வெதுவெதுப்பாக இருந்தது. வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. படியில் கால் வைக்கும்போதே அந்த மூச்சு கேட்டது. அதே மெதுவான மூச்சு. ஆனால் இப்போது வீடு முழுக்க. படிகளே மூச்சு விடுவதுபோல.

"அக்கா" என்றேன். மூச்சு நிற்கவில்லை, வேகமாகவும் ஆகவில்லை.

கூடத்தில் வெளிச்சம் மங்கலாக இருந்தது. ஒவ்வொரு கண்ணாடியிலும் மாடத்தின் திரை தெரிந்தது. நான் அதை விலக்கினேன்.

திப்ரா உள்ளே படுத்திருந்தாள். கல்யாணத்துக்குப் போட்ட நகை, வெள்ளிக் காப்பு, எல்லாம் அப்படியே. கை இரண்டும் விரிந்து கிடந்தன. அவள் மார்பு சின்னச் சின்னதாக ஏறி இறங்கியது, ஓடிவந்த பிள்ளைக்கு மூச்சு அடங்குவதுபோல. அந்த மெதுவான மூச்சு அவளுடையது இல்லை. அவளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அது அவளுக்கு மறுபக்கத்திலிருந்து ஒரு முறை உள்ளிழுத்தது. அவளுக்குப் பக்கத்தில் பல வருஷத் தூசி படிந்திருந்தது. அதில் ஒரு ஆள் படுத்தால் ஆகும் பள்ளம். என் கண்ணெதிரே அதில் யாருமில்லை.

அந்த இடத்தைவிட்டு ஓடவேண்டும் என்று உடம்பு சொன்னது. ஆனால் அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன். அவள் தலையைத் தொட்டேன். சூடாக இருந்தது, உயிரோடு இருந்தது.

நூரி அத்தான் படியேறி வந்தார். திரை விலகிக் கிடந்ததைப் பார்த்தார். தன் மனைவி விதவை உட்காரும் இடத்தில் கிடப்பதைப் பார்த்தார். கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் இன்னும் சாகலடி" என்றார்.

திப்ரா கண்ணைத் திறக்கவில்லை. "தெரியும். நீங்க மூச்சு வாங்குறது தெருவரைக்கும் கேக்குது."

"எழுந்து வா. அங்க இருக்கக்கூடாது."

"கால் வரல. இது என் இடமில்லன்னு எனக்கும் தெரியும். வேற எங்கயும் போகத் தெம்பில்ல. கொஞ்ச நேரம் விடுங்க. என்னை யாரும் எழுப்பாத இடம் ஊர்ல இது ஒண்ணுதான் மிச்சம் இருந்துச்சு."

அத்தான் என்னைப் பார்த்தார். நான் தலையை ஆட்டினேன். அவர் தலைப்பாகையை அவிழ்த்து அவள்மேல் போர்த்திவிட்டு, மாடத்துக்கு வெளியே தரையில் உட்கார்ந்தார். நானும் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் கழித்து அத்தான் மெல்லத் தலையைத் தூக்கினார். அவர் கண்கள் பெரிதாகிக்கொண்டே போவதைப் பார்த்தேன். அதுவரை அவர் அந்த வீட்டில் தூங்கித்தான் பழக்கம், அந்த மூச்சைக் கேட்டதில்லை. மூன்று பேரும் அந்த மூச்சுக்கு நடுவில் கூரைத்துளை மங்கும்வரை இருந்தோம். அவள் எழுந்து வெளியே வந்தபோது அத்தான் கை கொடுத்தார். இறங்கும்போது யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் எங்கே கிடந்தாள் என்பது அன்றைக்கே வெளியே தெரிந்துவிட்டது. ஊர் அதைச் சும்மா விடுமா? மதினி கல்யாண வீட்டு வாசலிலேயே நின்று கத்தினாள்: "என் மகன் கல்யாணச் சோத்தைக் கருக்கினது பத்தாதுன்னு, என் தம்பிக்குச் சாவையும் கூப்பிட்டு வச்சுட்டாளே!" அந்தக் குளிர்காலம் முழுக்க ஊர் நூரி அத்தான் சாவதற்குக் காத்திருந்தது. அவர் இருமினால் கடைத்தெருவில் பேச்சு நின்றது. நண்பர்கள் வழக்கத்தைவிட இறுக்கமாகத் தழுவி விடை கொடுத்தார்கள். ஒருவர் பழைய பகையை வந்து மன்னித்துவிட்டுப் போனார்.

"நீ இன்னும் ரெண்டு தடவை அங்க படுத்தா, ஊர்ல எனக்கு எதிரியே இருக்கமாட்டான்" என்றார் அத்தான் திப்ராவிடம். ஆனால் இரவில் அவள் பக்கம் திரும்பித்தான் படுத்தார், கையைப் பிடித்துக்கொண்டு. இதை அவளே எனக்குச் சொன்னாள்.

அவர் சாகவில்லை. இன்றும் இருக்கிறார். காதுதான் போய்விட்டது. மதினிதான் முதலில் போனாள், பல வருஷம் கழித்து, நல்ல வயதில், தூக்கத்தில். அவள் நோயில் கிடந்த மாதங்களில் காலையில் கஞ்சி கொண்டுபோய் ஊட்டியது திப்ரா. நண்பகலானதும், "எனக்கு நேரமாச்சு மதினி" என்று எழுந்து போய்விடுவாள். மதினி அதற்கு ஒரு வார்த்தை சொன்னதில்லை.

கல்யாணத்துக்குப் பிறகு திப்ரா ஆஸ்பத்திரியில் போய்ச் சொன்னாள்: விடியலில் வருவேன், ரொட்டியும் சூப்பும் முடித்துக் கொடுப்பேன், வெயில் ஏறுமுன் போய்விடுவேன், மற்றதை இளையவர்கள் பார்க்கட்டும். முணுமுணுத்தார்கள், பிறகு ஒத்துக்கொண்டார்கள். கல்யாணங்களுக்குப் போனால் ஒரு பாயையும் எடுத்துக்கொண்டு போனாள். எல்லார் முன்னாலும் விரித்துப் படுத்தாள். முதல் தடவை பெண்கள் எட்ட நின்று பார்த்தார்கள், பாம்பைப் பார்ப்பதுபோல. அடுத்த கல்யாணத்தில் அவள் பக்கத்தில் இன்னும் இரண்டு பாய்கள் விரிந்தன.

பழைய வீட்டில் திப்ரா மறுபடி மாடம்வரை போகவில்லை. கோடையில் வாய்க்கால்பக்கம் உட்காருவாள், தெருவில் நடப்பாள். "இப்ப அந்த மூச்சு காதுல விழறதில்ல. எனக்கே தெரியுது, இன்னிக்கு நடக்கணுமா கிடக்கணுமான்னு" என்றாள் ஒருமுறை. ஒரு பெருமழை வருஷத்தில் கூடத்தின் கூரை விழுந்தது. சாமான்களை எடுக்க நானும் சாஸியும் போனோம். கண்ணாடிகள் உடைந்து கிடந்தன, மாடம் மட்டும் இடியாமல் நின்றது. சாஸி தட்டுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தபோது நான் திரைக்குப் பக்கத்தில் போனேன். வானம் திறந்து கிடந்தது, காற்று அடித்தது, பறவைகள் கத்தின. அத்தனைக்கும் அடியில், ரொம்ப அடியில், உள்ளே போன ஒரு மூச்சைக் கேட்டேன். வெளியே வரும்வரை நான் நிற்கவில்லை.

இப்போது திப்ராவுக்கு எழுபது தாண்டிவிட்டது. விடியலுக்கு முன்னால் கொஞ்ச நேரம்தான் அவளுக்குத் தெம்பு. அதில் மாவு பிசைந்து, தொழுது, மகளோடு போனில் சண்டை போட்டு முடித்துவிடுவாள். மிச்ச நாளெல்லாம் ஏதாவதொரு விதத்தில் ஓய்வுதான். புதிதாக ஒன்று கண்டுபிடித்திருக்கிறாள். காலையில் என் சமையலறைக்கு வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, "பேசு" என்பாள். நான் தக்காளி விலையை, மருமகள் சொன்னதை, எதையாவது பேசுவேன். சற்று நேரத்தில் அவள் தலை சாயும். பேச்சை நிறுத்தினால் விழித்துக்கொள்கிறாள். அதனால் நான் நிறுத்துவதில்லை. இன்று காலையும் அடுப்பைப் பார்த்தபடி, யாருமே கேட்காத கதையை, வெங்காயம் நறுக்கி முடித்த பிறகும் சொல்லிக்கொண்டிருந்தேன்.